வாசலில் இருந்து இருபது அடி

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி, குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு நம் சமூகக்கூடத்தில் ஏ-பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், மகளிர் குழுவினர், முன்வரிசையில் லட்டுக்காகக் காத்திருக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் குடியரசு தின வாழ்த்துகள். செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் முப்பத்து மூன்று வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன். அதனால் கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கேட்டுக்கு வெளியே நடந்த ஒரு சின்ன விஷயத்தோடு தொடங்குகிறேன். இரண்டு வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி. நானும் என் மனைவியும் கோயிலுக்குக் கிளம்பினோம். ஸ்கூட்டர், பக்கத்துத் தெரு. நான் ஹெல்மெட் போட்டிருந்தேன், அவர் போடவில்லை. "இங்கே இருக்கிற கோயிலுக்கு எதுக்கு?" என்று சொன்னது அவர் இல்லை, நான்தான். கேட்டை ஒட்டி வலதுபக்கம் ஒரு வேன் நின்றிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியவில்லை. எட்டிப் பார்ப்பதற்காக வண்டியின் மூக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டினேன். சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு பையன் பைக்கில் வந்து மோதினான். மூன்று பேரும் விழுந்தோம். என் மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தலை நடைபாதைக் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அந்த ஒரு சாண்தான் இன்று அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம்.

அன்று எல்லாரும் அந்தப் பையனைத்தான் திட்டினோம். நானும் திட்டினேன். அவனுக்கும் முழங்கால் கிழிந்திருந்தது. ஆனாலும் சாப்பாடு கொட்டிவிட்டதே என்றுதான் பயந்தான். யாரும் புகார் கொடுக்கவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டோம், வண்டியைச் சரிசெய்தோம், முடிந்தது.

இப்போது எண்களுக்கு வருகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருடாவருடம் விபத்துப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். 2023இல் 67,213 விபத்துகள், 18,347 உயிரிழப்புகள். இரண்டு வருடமும் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலம்தான். உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். 2023 கணக்கை 365 நாளுக்கு வகுத்தால், தினமும் 50 பேர். ஒரு டவுன் பஸ்ஸில் எல்லா சீட்டும் நிறைந்தால் எத்தனை பேரோ, அத்தனை பேர் தினமும் வீடு திரும்பவில்லை.

இந்தக் கணக்கில் நம் கேட் விபத்து இருக்கிறதா? இல்லை. போலீசுக்குப் போகாத விபத்து எந்தக் கணக்கிலும் வராது. நம் மாநிலத்தில் பதிவாகும் ஒவ்வொரு நூறு விபத்துக்கும் ஏறக்குறைய 27 பேர் இறக்கிறார்கள் என்று அதே எண்கள் சொல்கின்றன. நம்மூரில் நடக்கும் நூறு மோதலில் 27 பேரா சாகிறார்கள்? கிடையாது. உயிர் போனால், பெரிய அடி பட்டால், காப்பீட்டுக்குத் தேவைப்பட்டால்தான் புகார் போகிறது. மீதியெல்லாம் நம்மைப் போல வீட்டுக்குப் போய்விடுகின்றன. அடுத்த பெரிய விபத்து எங்கே நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவை அந்தச் சின்ன விபத்துகள்தான். அவற்றைத்தான் நாம் எழுதி வைப்பதில்லை.

இன்னொன்று. நம்மைப் போன்ற சிறிய ஊரின் வருடாந்திரக் கணக்கைப் படிக்கும்போது ஏமாந்துவிடக் கூடாது. ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரில் போன வருடம் ஆறு பேர் இறந்தார்கள், இந்த வருடம் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "விபத்து உயிரிழப்பு பாதியாகக் குறைந்தது" என்று செய்தி வரும். அடுத்த வருடம் ஐந்து பேர் என்றால் "கிடுகிடு உயர்வு" என்று வரும். சாலையில் எதுவுமே மாறியிருக்காது. எண்ணிக்கை சிறியதாக இருந்தால் அது தானாகவே ஏறும், இறங்கும். அதனால் சிறிய ஊருக்கு ஒரு வருடக் கணக்கு போதாது. ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறந்தவர்களோடு காயம்பட்டவர்களையும் பார்க்க வேண்டும். முக்கியமாக, எந்த இடம், எந்த நேரம் என்று பார்க்க வேண்டும். நாடு முழுவதும் அதிக விபத்து நடக்கும் நேரம் மாலை 6 முதல் 9 வரை. எங்களுக்கு நடந்ததும் ஆறரை மணிக்குத்தான்.

சரி, ஒரு சிறிய ஊர் இதை மாற்ற முடியுமா? முடியும் என்பதைப் போன வருடம் கண்ணால் பார்த்தேன்.

என் மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோக்கன் என்ற ஊரில் இருக்கிறாள். பேரக்குழந்தையைப் பார்க்க மூன்று மாதம் போயிருந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க். ஊரின் பரப்பு ஒரு சதுர மைலுக்குச் சற்றே அதிகம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 60,419. அந்த நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று. கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாப்பிள்ளை ராத்திரி வேலை முடிந்து வந்து இருபது நிமிடம் தெருத்தெருவாகச் சுற்றுவார்.

முதல் வாரமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை தட்டுப்பாட்டிலும் ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு கார் நிறுத்தும் அளவுக்கு இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். சில இடத்தில் சின்னச் சின்னக் கம்பங்கள், சில இடத்தில் சைக்கிள் நிறுத்தம், சில இடத்தில் மழைநீர் இறங்கும் செடிப்பாத்தி. "ஏன் மாப்பிள்ளை, இங்கே நிறுத்தலாமே?" என்று கேட்டேன். "அங்கே கார் நின்றால் கிராஸ் பண்றவங்களை டிரைவருக்குத் தெரியாது மாமா. அதுக்காக விட்டிருக்காங்க" என்றார்.

எனக்கு அந்த வேன் ஞாபகம் வந்தது. இரண்டு வருடமாக அந்தப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தேனே, என் கண்ணையும் அவன் கண்ணையும் மறைத்தது எது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த ஊரில் 2017 ஜனவரியில் ஒருவர் சாலை விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக ஊர்த் தெருக்களில் வாகன விபத்தால் ஓர் உயிரிழப்புகூட இல்லை. ஒரு வருடம் பூஜ்யம் என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். தொடர்ந்து ஏழு வருடம் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே மோதல் நடக்கவே இல்லையா? நடக்கிறது, காயம் படுகிறது. ஆனால் உயிர் போகவில்லை.

அவர்கள் பெரிய மேம்பாலம் எதுவும் கட்டவில்லை. முனைகளைக் காலியாக விட்டார்கள். சில இடங்களில் நடைபாதையைச் சாலைக்குள் நீட்டி, கடக்கும் தூரத்தைக் குறைத்தார்கள். சில சிக்னல்களில் வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்குச் சில வினாடி முன்பே நடப்பவர்களுக்கு வழி விட்டார்கள். 2022இல் ஊர்த் தெருக்களின் வேக வரம்பை மணிக்கு 25 மைலில் இருந்து 20 மைலாகக் குறைத்தார்கள். அதாவது நம் கணக்கில் 32 கிலோமீட்டர். தார் போடவோ குழாய் மாற்றவோ சாலையைத் தோண்டும்போதே இந்த வேலைகளையும் சேர்த்துச் செய்தார்கள். அதனால் செலவும் கட்டுக்குள் இருந்தது.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. குழந்தைகளே, இது உங்கள் பாடத்தில் வருவதுதான். எதிரே ஒருவர் வந்தால், அதைக் கண்டு பிரேக் பிடிக்கவே நமக்கு ஒரு வினாடி ஆகும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும். நல்ல பிரேக், காய்ந்த சாலை என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க மொத்தம் சுமார் 13 மீட்டர் ஆகும். 50 கிலோமீட்டரில் சுமார் 28 மீட்டர். வேகம் கூடியது 20தான், தூரமோ இரண்டு மடங்குக்கு மேல். ஒரு கார் நான்கு மீட்டர் நீளம் என்றால், மூன்று கார் தூரத்தில் நிற்கவேண்டிய வண்டி ஏழு கார் தூரம் போகிறது. மறைவில் இருந்து ஒரு குழந்தை ஓடி வந்தால் அந்த நான்கு கார் தூரம்தான் எல்லாம்.

இனி நம் வாசலுக்கு வருவோம். பொதுக்குழு முன்னால் நான்கு விஷயங்களை வைக்கிறேன்.

முதலாவது, கேட்டின் இரண்டு பக்கமும் இருபது அடிக்கு வண்டி நிறுத்தக் கூடாது. வெளியே இருப்பது நகராட்சிச் சாலை. அதில் கோடு போடும் அதிகாரம் நமக்குக் கிடையாது. நகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் சங்கத்தின் பெயரில் மனு கொடுப்போம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் ஒரு பிரதி அனுப்புவோம். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அங்கே நிற்கும் வண்டிகள் யாருடையவை? ஒரு வாரம் மாலை நேரத்தில் எண்ணினேன். தண்ணீர் லாரி வரும் நேரம் தவிர, நான்கு கார்கள். நான்கும் நம் குடியிருப்பாருடையவை. அதில் ஒன்று என்னுடையது. "உள்ளே இரண்டாவது காருக்கு இடமில்லை, வெளியே எங்கே விடுவது?" என்று கேட்பது நியாயம்தான். பின்பக்கச் சுற்றுச்சுவர் ஓரம் இடம் இருக்கிறது. ஆனால் இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். நேற்று முதல் என் கார் அங்கேதான் நிற்கிறது. மழையில் நனைந்துதான் வருவேன், தெரியும். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட செலவைவிட ஒரு குடை மலிவு.

இரண்டாவது, செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு. கேட்டிலோ நம் தெருவிலோ மோதல் நடந்தாலும், நூலிழையில் தப்பினாலும் தேதி, நேரம், இடம், என்ன நடந்தது என்று நான்கு வரி. பெயர் வேண்டாம், வண்டி எண் வேண்டாம். யாரையும் மாட்டிவிடுவதற்கு அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நம் இதழில் போடுவோம். ஒரே இடத்தின் பெயர் ஐந்து முறை வந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நகராட்சிக்குப் போகலாம். வெறும் புகாரைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, வீட்டுக்கு இரண்டு ஹெல்மெட். 2022இல் நாட்டில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். நம் வீட்டு அம்மாக்கள், பிள்ளைகள். ஹெல்மெட் சாவு அபாயத்தைச் சுமார் 40 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 70 சதவீதமும் குறைக்கிறது என்று மருத்துவ ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், வார் மாட்டுங்கள். வார் மாட்டாத ஹெல்மெட் தொப்பிதான். அதோடு, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டியூஷனுக்குத் தாமதமானால் பரவாயில்லை.

நான்காவது, விபத்து நடந்தால் தயங்காதீர்கள். அன்று எங்களைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். தூக்கிவிட்டவர் இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு மனசு இல்லை என்று சொல்லமாட்டேன், கோர்ட்டு கேசு என்ற பயம். உதவி செய்தவரைச் சட்டமே பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 108ஐ அழையுங்கள். தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முதலில் ஒரு லட்சமாக இருந்த வரம்பைப் பிறகு இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். பணம் கட்ட ஆள் இல்லையே என்று யாரும் ரோட்டில் கிடக்க வேண்டியதில்லை. நம் ஊரில் அந்தத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலை லிப்ட் பக்கத்தில் ஒட்டச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

முடிக்கிறேன். அந்த டெலிவரிப் பையனை மூன்று மாதம் கழித்து நம் லிப்டிலேயே பார்த்தேன். "அம்மாவுக்குக் கை சரியாயிடுச்சா சார்?" என்று அவன்தான் முதலில் கேட்டான். உன் கால் எப்படியப்பா இருக்கிறது என்று கேட்க எனக்கு அப்போதுதான் தோன்றியது. அவன் இன்னும் நம் கேட் வழியாகத்தான் தினமும் வருகிறான். நம் பிள்ளைகளின் பள்ளி வேனும் அதே வழிதான்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கேட்டுக்கு உள்ளே நம் எல்லை வரை மஞ்சள் பெயிண்ட் அடிக்கப் போகிறேன். பிரஷ் மூன்று வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் வந்தால் போதும். மீதி மூன்று கார்க்காரர்களும் வந்தால் டீ என் செலவு.