பெண்டரை வீட்டுக்குள் விடலாமா?



1999 டிசம்பர் 31, நியூயார்க். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன் ஒருவன், மனித உடல்களை உறையவைத்துப் பாதுகாக்கும் ஒரு கூடத்தில், உறைபெட்டிக்குள் தவறி விழுந்துவிடுகிறான். கண் விழித்தால் ஆயிரம் ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. திகைத்துப்போய்த் தெருவுக்கு வருகிறான். தொலைபேசிக் கூண்டு போல ஒன்று தெரிகிறது. அதற்கு முன்னால் ஒரு ரோபோ காத்திருக்கிறது. இவனும் வரிசையில் நிற்கிறான். அது தொலைபேசிக் கூண்டே இல்லை. 25 சென்ட் காசு போட்டால் உயிரை மாய்த்துக்கொள்ள உதவும் கூண்டு. இருவரும் உள்ளே போகிறார்கள், தப்பித்து வெளியே வருகிறார்கள், நண்பர்கள் ஆகிறார்கள்.

'ஃபியூச்சுராமா' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதி இது. 'சிம்ப்சன்ஸ்' தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங், டேவிட் எக்ஸ். கோஹன் என்பவருடன் சேர்ந்து இதை அமைத்தார். 1999 மார்ச் 28 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பானது. இடையில் இருமுறை நின்றுபோய், வேறு வேறு நிறுவனங்களின் கையில் உயிர்பெற்று, 2023இல் மறுபடியும் வந்தது. பளிச்சென்ற வண்ணம், உருண்டைக் கண்கள், பறக்கும் வண்டிகள். கூடத்தில் பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கும் தாய், "பொம்மைப் படம்தானே" என்று அடுக்களைக்குத் திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பொம்மைப் படம் என்றாலே பிள்ளைகளுக்கு என்பது நம் வீடுகளில் வேரூன்றிய எண்ணம். ஆனால் உயிரை மாய்க்கும் கூண்டு, தொடர் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வந்துவிடுகிறது.

அந்த வரிசையில் நின்ற ரோபோவின் பெயர் பெண்டர். தொடரிலேயே பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போகும் பாத்திரம். மதுதான் அவனுக்கு எரிபொருள், குடிக்காவிட்டால்தான் தள்ளாடுவான். சுருட்டுப் பிடிப்பான், கண்ணில் பட்டதைத் திருடுவான், நண்பர்களிடமே பொய் சொல்வான். எதிர்காலம் எப்படியெல்லாம் கோணலாகப் போகக்கூடும் என்று காட்டும் கேலிச்சித்திரம் அவன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேலி புரியும். ஏழு எட்டு வயதில், கேலி எது, மெய் எது என்பது பாதிதான் பிடிபடும். அந்த வயதுக் கண்ணுக்குப் பெண்டர் ஒரு கதாநாயகன். அவன் செய்கிற எல்லாமே கெட்டிக்காரத்தனம்.

சரி, இதற்குத்தான் வயதுக் குறியீடு இருக்கிறதே என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1997 முதல் அப்படியொரு முறை நடப்பில் இருக்கிறது. 'ஃபியூச்சுராமா'வின் பகுதிகள் பெரும்பாலும் 'டிவி-பிஜி', 'டிவி-14' என்ற இரண்டு அடையாளங்களுக்குள் அடங்கும். முதலாவது, பெற்றோர் கவனம் தேவை என்பது. இரண்டாவது, 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையவழித் தொடர்களை 'யு', 'யு/ஏ 7+', 'யு/ஏ 13+', 'யு/ஏ 16+', 'ஏ' என்று ஐந்தாகப் பிரிக்கின்றன. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் இருக்க வேண்டும். 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டமும் இதே வழியில், ஒற்றை 'யு/ஏ'வை மூன்றாக உடைத்தது. பயனுள்ள ஏற்பாடு. அந்தப் பூட்டை நம்மில் பலர் தொட்டதே இல்லை. இன்றிரவே தேடிப் பார்க்கலாம்.

ஆனால் குறியீட்டின் கண்ணுக்குத் தப்புகிற விஷயங்களும் இருக்கின்றன. அமெரிக்க முறையில் வயது அடையாளத்தோடு சில எழுத்துகளும் சேர்ந்து வரும். ஒன்று இரட்டை அர்த்தப் பேச்சுக்கு, ஒன்று கெட்ட வார்த்தைக்கு, ஒன்று பாலியல் காட்சிக்கு, ஒன்று வன்முறைக்கு. துயரத்துக்கு எழுத்து கிடையாது.

2002 நவம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். உறைந்துபோன அந்த இளைஞன் ஃப்ரை, அருங்காட்சியகம் ஒன்றில் கல்லாகிப்போன ஒரு நாயைப் பார்க்கிறான். அவனுடைய சொந்த நாய் சீமோர். தொடரில் வரும் பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் அதற்கு உயிரூட்ட முடியும் என்கிறார். எல்லாம் தயார். கடைசி நேரத்தில், தான் உறைந்த பிறகும் நாய் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்திருக்கிறது என்று ஃப்ரைக்குத் தெரியவருகிறது. அப்படியானால் என்னை மறந்து நிம்மதியாக வாழ்ந்திருக்கும், அதைக் கலைக்கக் கூடாது என்று விட்டுவிடுகிறான். பிறகு நமக்கு மட்டும் ஒரு காட்சி. பீட்சா கடை வாசலில் சீமோர் உட்கார்ந்திருக்கிறது. மழை, பனி, வெயில், ஆண்டுக்கு ஆண்டு முதுமை. பன்னிரண்டு ஆண்டும் அங்கேயே காத்திருந்து, கடைசியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுகிறது.

ரத்தமில்லை, வசவில்லை. பெரியவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்ளும் காட்சி இது. வீட்டு நாயை அண்மையில் பறிகொடுத்த பிள்ளை அன்று தனியாக உட்கார்ந்து இதைப் பார்த்திருந்தால்?

நல்லதும் இப்படித்தான் குறியீட்டுக்குத் தப்பிப்போகிறது. டேவிட் எக்ஸ். கோஹன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தவர். எழுத்தாளர்களில் ஒருவரான கென் கீலர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2010இல் வந்த ஒரு பகுதியில், இரண்டு பேரின் மனங்களை உடல் விட்டு உடல் மாற்றும் கருவி ஒன்று வருகிறது. ஒருமுறை மாற்றிக்கொண்ட இரு உடல்கள் தங்களுக்குள் மறுபடி மாற்றிக்கொள்ள முடியாது. பலரும் மாறி மாறி எல்லாம் குழம்பிப்போகிறது. எல்லாரையும் அவரவர் உடலுக்குத் திருப்ப எத்தனை பேர் கூடுதலாக வேண்டும்? எவ்வளவு சிக்கலானாலும் இரண்டே பேர் போதும் என்று கீலர் இந்தக் கதைக்காகவே நிரூபித்தார். அந்த நிரூபணம் திரையில் பலகையில் எழுதிக் காட்டப்படுகிறது. ஐந்தாறு சீட்டுகளில் பெயர் எழுதிப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து செய்து பார்க்கலாம். அருமையான ஒரு மாலை. ஆனால் அதே பகுதியில் பெரியவர்களுக்கான பாலியல் கேலியும் இழையோடுகிறது. கணக்கைத் தனியே பிரித்து எடுத்துத் தர வழியில்லை.

குழந்தைகளுக்கென்றே எடுக்கப்பட்டவை மட்டும் பாதுகாப்பா? ஜப்பானிய 'டோராயமோன்' உலகம் முழுக்கப் பிள்ளைகள் பார்க்கும் தொடர். எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோப் பூனை, நோபிதா என்ற சோம்பேறிச் சிறுவனுக்கு விந்தைக் கருவிகளைத் தருகிறது. அவன் அதைக் குறுக்கு வழிக்குப் பயன்படுத்தி, முடிவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறான். தவறுக்கு விளைவு உண்டு என்பது கதையின் எலும்பிலேயே இருக்கிறது. பெண்டரிடம் அது அபூர்வம். ஆனால் அதே தொடரில், குளித்துக்கொண்டிருக்கும் சிறுமி ஷிசுகாவின் எதிரே நோபிதா போய் நிற்பது சிரிப்புக்காகத் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகளுக்கான தொடர்தான். எட்டு வயதுப் பையன் அதில் எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று வீட்டில் யாராவது கேட்டாக வேண்டும். கேட்டால் அதட்டலாக இல்லாமல், ஷிசுகாவுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று கேட்கலாம்.

'ஃபியூச்சுராமா'வுக்கு ஒரு வயது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், பதின்மூன்று பதினான்கு. அதுவும் முதல் சில பகுதிகளுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். மனம் உடைந்து ஒடுங்கியிருக்கும் பிள்ளை எந்த வயதானாலும், அந்தக் கூண்டு வரும் முதல் பகுதியைத் தள்ளி வைப்பதே நல்லது. தொடரில் பெரும்பாலான பகுதிகள் தனித்தனிக் கதைகள். அதை விட்டுவிட்டாலும் மற்றவை புரியும்.

சீமோரின் கதையைப் பெரியவர் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிள்ளை விம்மிக்கொண்டே, "அது பன்னிரண்டு வருஷமும் தனியாவா இருந்துச்சு?" என்று கேட்கும். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. தொடரை எடுத்தவர்களே 2007இல் ஒரு முழுநீளப் படம் வெளியிட்டார்கள். அதில் காலப் பயணத்தால் ஃப்ரையின் இன்னொரு வடிவம் பழைய நியூயார்க்குக்குத் திரும்பி வந்து, அதே பீட்சா கடையின் மாடியில் குடியிருக்கிறது. சீமோர் அங்கே அவனோடுதான் இருந்தது.