படிப்பதற்கு ஓர் அமைதியான அறை
(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளுக்கு நூல்கள் வழங்கினோம். தேர்வுக் கட்டணம் செலுத்தினோம். மாலை வகுப்புகள் நடத்தினோம். ஆயினும் ஒன்றை வழங்க மறந்தோம். அதுதான் அமைதி. "வீட்டில் படிக்க முடியவில்லை ஐயா" என்று மாணவர் கூறியபோதெல்லாம், அதனைச் சோம்பலின் சாக்கென்றே எண்ணினோம். பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி தவறிய ஒரு மாணவியின் இல்லத்திற்கு ஒரு நாள் மாலை சென்ற பின்னரே நம் பிழை நமக்குப் புலப்பட்டது. வாசலை ஒட்டிப் பேருந்துச் சாலை, அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி, பொருந்தாத கதவு, பூச்சற்ற சுவர். அரை மணி நேரம் அமர்ந்திருந்த நம்மாலேயே ஒரு பக்கத்தை ஊன்றிப் படிக்க இயலவில்லை.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயின் பரேல் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில் வளர்ந்தவர். முன்னிரவில் உறங்கி, பின்னிரவு இரண்டு மணிக்குத் தந்தையார் எழுப்ப, ஊர் அடங்கிய வேளையில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்தார். உறக்கத்தை விலையாகக் கொடுத்தே அவர் அமைதியை வாங்கினார். அவ்விலையை ஒவ்வொரு பிள்ளையிடமும் நாம் கேட்கலாமா?

இரைச்சல் கல்வியைக் கெடுக்கும் என்பது வெறும் ஊகமன்று. நியூயார்க் நகரில் உயர்மட்ட இரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியில் ஆர்லீன் பிரான்சாஃப்ட் என்னும் உளவியலாளர் ஆய்வு நடத்தி, 1975ஆம் ஆண்டு அதனை வெளியிட்டார். பாதையை நோக்கிய வகுப்பறைகளில் பயின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், மறுபுறத்துப் பிள்ளைகளைவிட வாசிப்புத் திறனில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பின்னர்த் தண்டவாளத்தின் கீழ் இரப்பர் மெத்தைகள் வைக்கப்பட்டன. வகுப்பறைகளுக்கு ஒலி உறிஞ்சும் கூரையும் அமைக்கப்பட்டது. 1981இல் வெளியான மறு ஆய்வில் அவ்வேறுபாடு மறைந்திருந்தது. குறை பிள்ளைகளின் அறிவில் இல்லை, அறையில்தான் இருந்தது.

அம்மாணவியின் அறையைச் சீர்செய்ய முனைந்தபோது நாம் முதலில் செய்தது தவறே. யாரோ சொல்லக் கேட்டு, முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டினோம். பேருந்தின் ஒலி சிறிதும் குறையவில்லை. தீப்பற்றும் பொருளைச் சுவரில் ஏற்றியதே மிச்சம். மறுநாளே அவற்றை அகற்றினோம். ஒலியைத் தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு என்பதை அன்று கற்றோம். வெளி இரைச்சலைத் தடுப்பது கனம். சுவரின் எடை இருமடங்கானால் உட்புகும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அட்டைக்கும் தெர்மாகோலுக்கும் அக்கனம் இல்லை. மெத்தென்ற பொருள்கள் அறைக்குள் எழும் எதிரொலியை மட்டுமே உறிஞ்சும்.

கனத்தினும் முதன்மையானது இடைவெளியை அடைப்பது. காற்று நுழையும் வழியெல்லாம் ஒலியும் நுழையும். சுவர் எத்துணைத் தடிமனாயினும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஏழடி உயரக் கதவின் கீழே அரை அங்குலச் சந்து இருந்தால், அதுவே கதவின் பரப்பில் நூற்றில் அரைப் பங்கிற்கு மேலாகும். ஆகவே செலவு குறைந்த வேலையே முதல் வேலை.

நாம் செய்த முறை இதுதான். கதவு நிலையின் உட்புறத்தில், கதவு வந்து பொருந்தும் விளிம்பெங்கும் பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சிறு ஆணிகளால் அடித்தோம். கதவின் அடிச்சந்துக்குப் பழந்துணிப் பையில் மணல் நிரப்பி நீளத் தலையணைபோல் வைத்தோம். சன்னல் சட்டத்திற்கும் சுவருக்கும் இடைப்பட்ட விரிசல்களைச் சிமெண்டுக் கலவையால் அடைத்தோம். சாலைப் பக்கத்துச் சுவர் துளைக்கற்களால் ஆனது. அதன் இருபுறமும் பூச்சுப் பூசியபின் கிடைத்த பயனை வேறெதிலும் காணவில்லை. பொதுச் சுவரை ஒட்டி அலமாரி வைத்து, நூல்களையும் துணி மூட்டைகளையும் நெருக்கமாக அடுக்கினோம். தரையில் தென்னை நார்ப் பாய் விரித்தோம். படிக்கும் மேசையைச் சாலைக்கு எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றினோம். இதற்குக் காசே தேவைப்படவில்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. காற்று வழி அனைத்தையும் அடைத்துவிடலாகாது. இரைச்சல் குறைந்த பக்கத்துச் சன்னல் திறந்தே இருத்தல் வேண்டும். மூடிய அறையில் அடுப்போ மண்ணெண்ணெய் விளக்கோ எரித்தல் உயிருக்கே கேடாகும்.

இவற்றால் இரைச்சல் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. தொலைக்காட்சிப் பேச்சு மங்கியது. பேருந்தின் உறுமல் தணிந்தது. ஒலிபெருக்கிப் பெட்டிகளின் அடித்தள முழக்கமோ சுவரையும் கடந்து வந்தது. அம்மாணவி மறுதேர்வில் தேறினார். அறையே அதற்குக் காரணம் என்று உரிமை கொண்டாட மாட்டோம், உழைப்பு அவருடையது. அவ்வுழைப்புக்குக் குறுக்கே நின்ற ஒன்றை மட்டுமே நாம் அகற்றினோம்.

எஞ்சிய அம்முழக்கத்தைச் சுவரால் தடுக்க இயலாது. நம் மனத்தால்தான் தடுக்க இயலும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்துள்ளன. விழா நாள்களுக்கு மாநில அரசு தரும் விலக்கும் ஆண்டில் 15 நாள்களுக்கு மேற்படாது, நள்ளிரவைத் தாண்டாது. பிறர் மீறினால் முறையிடும் உரிமை நமக்குண்டு. ஆயின் நம் தெருவில், நம் இல்லத் திருமணத்தில், நாமே வைக்கும் பெட்டி எவர் செவியில் முதலில் விழுகிறது? நம் பிள்ளையின் செவியில் அன்றோ!

எனவே இவ்விழா மேடையில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். தேர்வுத் திங்களில் நம் தெருக்களில் ஒலிபெருக்கி ஒலிக்கலாகாது. வெள்ளி விழா ஆண்டு முடிவதற்குள், தெருவுக்கு ஓர் அறையேனும் இவ்வாறு சீர்செய்யப்பட வேண்டும். தச்சரும் கொத்தனாரும் நம்மிடையே உள்ளனர். இளைஞர் கை கொடுத்தால் கூலிச் செலவும் மிஞ்சும்.

பின்னிரவு இரண்டு மணி வரை காத்திராமல், மாலை ஏழு மணிக்கே நம் பிள்ளைகள் நூலைத் திறக்கும் நாள் வரட்டும்.