பதிவேடு இல்லாத வலையமைப்பு

2009ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பிட்கொயின் எனும் மின்னெண் நாணயத்துக்குத் தலைமையகமும் இல்லை; உறுப்பினர் இடாப்பும் இல்லை. அதன் கணினிகள் எத்தனை, எந்நாடுகளில் உள என அறிவது எவ்வாறு?

எண்ணுவோர் ஒரு கணினியை அணுகி, அது அறிந்த ஏனையவற்றின் முகவரிகளைக் கேட்பர். அவற்றிடமும் அவ்வாறே வினவுவர். முகவரியைக் கொண்டு நாட்டை ஊகிப்பர். ஆயின், வெளியழைப்பை ஏற்காத கணினிகள் இக்கணக்கில் அகப்படா.

புதுநாணயம் ஈட்டும் ‘அகழ்வு’த் தொழிலின் கணக்கும் இத்தகையதே. 2021இல் சீனா அதனைத் தடைசெய்தது. முகவரிகளை ஆதாரமாகக் கொண்ட கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மதிப்பீட்டில், அந்நாட்டின் பங்கு யூலையில் பூச்சியமாயிற்று. செப்டெம்பரிலோ ஐந்திலொன்றைக் கடந்தது. மறைந்து தொழில் புரிந்தோர் மீண்டும் புலப்பட்டனர் என ஆய்வாளர் கருதினர்.

கணக்கில் வாராதது இல்லாதது அன்று.