கையெழுத்து யாருடையது?

(‘இன்றைய குடும்பத்தில் பெண்ணுக்குக் கிடைப்பது அன்பு மட்டுமா, உரிமையும் சேர்த்தா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘அன்பு மட்டுமே’ என்ற அணியில் பேசியது)

பண்டிகை நாளும் அதுவுமாக அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அடுப்புப் பக்கமே போகாமல் வந்திருக்கும் ஐயாமார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். “என் வீட்டம்மா புடவை எடுக்கிறதுல நான் தலையிடுறதே இல்லை. எல்லாம் அவங்க இஷ்டம். இது உரிமை இல்லையா?” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, ஆறு கெஜம் துணிக்கு ஏழு கடை ஏறி இறங்க விடுகிறீர்களே, அவர் உடம்பில் கத்தி வைக்கும்போது ஒரு வார்த்தை கேட்டீர்களா? (கைதட்டல்)

விளையாட்டாகச் சொல்லவில்லை. என் சித்தி மகள் ஒருத்தி. எனக்குத் தங்கை முறை. வயது நாற்பத்தெட்டு. மார்பில் ஒரு கட்டி. ஊசி மூலம் சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. நல்ல வேளை, ஆரம்ப நிலை. டாக்டரம்மா வீட்டாரிடம், “ரெண்டு வழி இருக்கு. கட்டியையும் சுத்திக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துட்டு, அப்புறம் கரண்ட் வைக்கலாம். இல்லேன்னா மார்பு முழுசையும் எடுத்துடலாம். அவங்களோட பேசி யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

யோசிப்பதற்கு வராந்தாவில் ஒரு மாநாடு கூடியது! அவள் கணவர், கணவரின் அண்ணன், எங்கள் தாய்மாமன், காபி பிளாஸ்க் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர். பதினைந்தே நிமிடத்தில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. “முழுசா எடுத்துடுங்க டாக்டர். உசுரு இருந்தாப் போதும். வயசும் ஆயிடுச்சு, இனிமே எதுக்கு?” மாநாட்டுக்கு அழைப்பு இல்லாத ஒரே ஆள், உள்ளே கட்டிலில் படுத்திருந்தவள். (கைதட்டல்)

அந்த நாலு பேரும் கெட்டவர்களா? சத்தியமாக இல்லை. அவள் கணவர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவு அன்பு! அந்த அன்புதான் நடுவர் அவர்களே, “இனிமே எதுக்கு” என்று கேட்டது.

டாக்டரம்மா கெட்டிக்காரர். “கையெழுத்து அவங்கதான் போடணும், நான் அவங்ககிட்டயே பேசிக்கறேன்” என்று உள்ளே போனார். தங்கை கேட்ட முதல் கேள்வி: “எதுல டாக்டர் ஆயுசு அதிகம்?” வந்த பதில்: “ரெண்டுலயும் ஒண்ணுதாம்மா.”

இந்தக் கேள்வியை வராந்தாவில் ஒருவரும் கேட்கவில்லை! அதிகம் வெட்டினால் அதிக நாள் வாழலாம் என்பது நம் கணக்கு. நம்மைச் சொல்வானேன், மருத்துவ உலகமே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. 1890களில் அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குளின் நெறிக்கட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார். அதுவே எழுபது, எண்பது ஆண்டு வேதவாக்கு. அதைக் கேள்வி கேட்டவர்கள் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி. வெரோனேசி 701 பெண்களையும், ஃபிஷர் குழுவினர் 1,851 பெண்களையும் இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. முழுதாக எடுத்தவர்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை!

அதற்காகக் கட்டியை மட்டும் எடுப்பது சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு விலை உண்டு. கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரம். அது வேண்டாம் என்று விட்டால், ஃபிஷர் கணக்குப்படி இருபது ஆண்டில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. வைத்துக்கொண்டவர்களில் 14 பேருக்குத்தான். ஓரத்தில் நோய் ஒட்டியிருந்தால் மறுபடியும் கத்தி வைக்க நேரலாம். ஒரே மார்பில் பல இடத்தில் கட்டி இருந்தாலோ, கட்டி பெரிதாக இருந்தாலோ முழுதாக எடுப்பதே சரி என்று டாக்டர் சொல்லக்கூடும். முழுதாக எடுத்தவர்களிலும் சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். இத்தனையும் தெரிந்துகொண்டு ஒருவர் முடிவெடுக்க வேண்டுமென்றால், அது அந்த உடம்புக்குச் சொந்தக்காரராகத்தானே இருக்க முடியும்?

தங்கை ஒரு வாரம் யோசித்தாள். கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னாள். ஏன்டீ என்று கேட்டேன். “குளிக்கும்போது தினம் குனிஞ்சு பார்க்கப்போறது நான்தானேக்கா” என்றாள். நாற்பத்தெட்டு வயதில் ‘இனிமே எதுக்கு’ என்ற கேள்விக்கு அவள் வைத்திருந்த பதில் அதுதான்.

“அப்படியானால் முழுதாக எடுப்பவர்கள் விவரம் தெரியாதவர்களா?” என்று எதிரணி அம்மையார் சீட்டில் குறிக்கிறார். பார்த்துவிட்டேன்! (சிரிப்பு) 1987இல் அமெரிக்க அதிபர் ரீகனின் மனைவி நான்சிக்கு இதே நோய். சிறிய கட்டி. கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். அவர் முழுதாக எடுக்கச் சொன்னார். பலர் குறை சொன்னார்கள். வாரக்கணக்கில் கதிர்வீச்சு என் வாழ்க்கைக்கு ஒத்துவராது, இது என் முடிவு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 2016 வரை, 94 வயது வரை வாழ்ந்தார். தங்கைக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த கிராமத்து அம்மாவும் முழுதாகத்தான் எடுக்கச் சொன்னார். “தினம் ரெண்டு பஸ் மாறி வரணும். மாட்டை யாரு கறக்குறது?” என்றார். வெள்ளை மாளிகைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் காரணம் ஒன்றுதான் பாருங்கள்! (பலத்த கைதட்டல்)

தமிழாசிரியை அல்லவா, வள்ளுவரைத் தொடாமல் இறங்க மாட்டேன். ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொல்கிறார். முதலில் நோயாளி, அடுத்து மருத்துவர், பிறகு மருந்து, நான்காவதாகத்தான் பக்கத்திலிருந்து கவனிப்பவர். நம் வீட்டில் நான்காவது ஆள் முதல் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி ஐயாவுக்கு ஒரே ஒரு கேள்வி. ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘நோயாளி கையொப்பம்’ என்று ஒரு கோடு இருக்கும். உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த ஆபரேஷனில் உங்கள் மனைவி அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடும் முன்னால், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கொடுத்தீர்களா? அதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.