கண்ணாடி ஒன்று போதுமா?

(மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்று பணித்தார்கள். கண் பெரிய பொருள், எனக்குக் கொடுத்த நேரமோ சிறிது. ஆகவே மூக்குக் கண்ணாடியைப் பற்றி மட்டும், அதிலும் வயதான பின் ஒரே ஆளிடம் இரண்டு மூன்று கண்ணாடிகள் சேர்ந்துவிடுவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நாற்பதைத் தாண்டியதும் அருகிலுள்ள எழுத்து மங்கத் தொடங்கும். புத்தகத்தைத் தள்ளித் தள்ளிப் பிடிப்போம். கடைசியில் கையின் நீளம் போதாமல் போகும். இதைத்தான் நம்மவர் வெள்ளெழுத்து என்றனர். இது நோயன்று. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்ந்திருக்கும். அருகே பார்க்கையில் தடித்துக்கொள்ளும், தூரத்தைப் பார்க்கையில் தட்டையாகும். வயது ஏற ஏற அது இறுகிவிடுகிறது. அறுபதில் அந்த நெகிழ்ச்சி அநேகமாக இல்லை. கண்ணாடி போட்டதால்தான் கண் கெட்டது என்று சிலர் கூறுவர். போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை இறுகத்தான் செய்யும்.

இறுகிய கண்ணுக்கு ஒவ்வொரு தூரமும் தனிக் கணக்கு. கையில் பிடித்த தேவாரப் புத்தகம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், கணினித் திரை 60 அல்லது 70, சாலைப் பலகையோ பல மீட்டர். படிக்கும் கண்ணாடியில் கணினி மங்கினால் அது கண்ணாடியின் குறையன்று, அந்தத் தூரத்துக்கு அது செய்யப்படவில்லை. ஆகவே கண்ணாடிக் கடையில் "படிக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தையல் இயந்திரமா, ஆர்மோனியப் பெட்டியின் மேல் வைத்த நோட்டா என்று சொல்லுங்கள். வீட்டிலேயே தூரத்தை நூலால் அளந்துகொண்டு போனால் இன்னும் நல்லது.

இது புதிய தொல்லையன்று. பயணத்தில் படிக்க ஒன்று, காட்சிகளைப் பார்க்க ஒன்று என்று மாற்றி மாற்றி அலுத்துப்போன பெஞ்சமின் பிராங்கிளின், இரு கண்ணாடிகளையும் பாதிப் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டதை 1785-இல் ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். அதுவே பைஃபோகல். கோடு தெரியாத புரோகிரசிவ் கண்ணாடி 1959-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது.

எல்லாம் ஒன்றில் அடங்கிவிட்டதே, பிறகென்ன கவலை என்பீர்கள். கவலை படிக்கட்டில் இருக்கிறது. இவ்வகைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. படி இறங்கும்போது பாதத்தைப் பார்ப்பதும் அதன் வழியாகத்தான். படியின் விளிம்பு கலங்கித் தெரியும். பத்துமலையின் 272 படிகளை ஏறியவர்கள் அறிவார்கள், ஏறுவதைவிட இறங்குவதே சோதனை. 2010-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், இவ்வகைக் கண்ணாடி அணியும் முதியோருக்கு வெளியே செல்லும்போது அணியத் தனியாகத் தூரக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். அடிக்கடி வெளியே நடமாடுபவர்கள் விழுவது குறைந்தது. பெரும்பாலும் வீட்டோடு இருப்பவர்களோ, வெளியே போனபோது முன்னிலும் அதிகமாக விழுந்தார்கள். ஆகவே நடமாட்டம் உள்ளவர்கள் தூரக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பழகியதையே அணிந்து, தலையை நன்கு தாழ்த்தி மேற்பகுதி வழியாகப் படியைப் பார்த்து, கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.

இரவுச் சந்தையில் விற்கும் மலிவுக் கண்ணாடி ஆகுமா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. சிறிது நேரம் படிக்க ஆகும், கண்ணைக் கெடுக்காது. ஆனால் அதில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான். நம்மில் பலருக்கு இரு கண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. அதை அணிந்து வண்டி ஓட்டவும் கூடாது.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பவர் திடீரென்று மாறினால் கண்ணாடியை மாற்ற ஓடாதீர்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். அந்த வாரத்தில் செய்த கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது. சர்க்கரை சில வாரங்கள் நிலையாக நின்ற பிறகே அளவெடுக்க வேண்டும். எழுபது வயதுப் பாட்டி திடீரென்று கண்ணாடி இல்லாமல் நாளிதழ் படித்தால் வீடே மகிழும். பல வேளைகளில் அது கண்புரையின் தொடக்கம். வில்லை அடர்ந்து கிட்டப்பார்வையை உண்டாக்குகிறது. தூரப் பார்வை மங்கியிருப்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கண் அழுத்த நோயோ பெரும்பாலும் வலியும் இன்றி, பவரிலும் காட்டாமல், ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே போகும். கடையில் எழுத்துப் பலகையைப் படிப்பது வேறு, கண் மருத்துவர் மருந்திட்டுப் பாவையை விரித்து உள்ளே பார்ப்பது வேறு. இனிப்புநீர் உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், ஆண்டுதோறும் அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் கண்ணாடிகள் குழம்பாமலிருக்க, படிக்கும் கண்ணாடிக்கு ஒரு நிறக் கயிறும் தூரக் கண்ணாடிக்கு வேறு நிறக் கயிறும் கட்டிவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது பழையது புதியது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை எதற்கு அணிகிறீர்கள் என்று அவர் பார்த்துச் சொல்வார். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.