எழுதுகோலுக்கு இட்ட பூட்டு



கவிஞர்கள் கூடும் அவையில் வழக்குமன்றம் பற்றிப் பேசுவது புதுமையாகத் தோன்றலாம். ஆயின் எழுத்துக்கும் வழக்குக்கும் உள்ள உறவு நம் குடியரசின் வயதை ஒத்தது. அரசமைப்புச் சட்டம் 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. மார்ச்சு முதல் நாளன்றே, பம்பாயில் அச்சான 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் தன் எல்லைக்குள் வரலாகாது எனச் சென்னை அரசு தடை விதித்தது. இதழாசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். கருத்தைப் பரப்புவதும் பேச்சுரிமையுள் அடங்கும் என்று கூறி, மே 26-இல் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. மறு ஆண்டே முதற் சட்டத்திருத்தம் வந்தது. 'பொது ஒழுங்கு' என்பதும் உரிமைக்கு வரம்பிடும் காரணங்களுள் ஒன்றாயிற்று.

அக்காரணத்தின் எல்லை எது? 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்பட வழக்கு இதற்கு விடை தந்தது. இட ஒதுக்கீட்டைக் குறை கூறிய அப்படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 1989-இல் உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. படத்தின் கருத்து சரியா தவறா என்பது வேறு. கலவரம் வரும் என்று அஞ்சிப் பேசுபவன் வாயை அடைக்கலாகாது. அவனைக் காப்பதே அரசின் கடமை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கால் நூற்றாண்டு கழித்து, அந்தக் கடமை நம் கொங்கு மண்ணிலேயே சோதனைக்குள்ளாயிற்று. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்த நாவல். பிள்ளைப்பேறற்ற காளி, பொன்னா இருவரின் துயரம் அதன் பொருள். நான்காண்டுக்குப் பின், 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது, நூல் எரிக்கப்பட்டது. பின்னர்க் கடையடைப்பும் நடந்தது. தம் ஊரும் கோயிலும் இழிவுபடுத்தப்பட்டதாகச் சிலர் மனம் வருந்தினர். அவ்வருத்தத்தைச் சொல்லவும் அவர்களுக்கு உரிமையுண்டு. ஆனால் 2015 சனவரி 12-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த 'அமைதிப் பேச்சு' வேறு வகையானது. நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்கவும், விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் ஆசிரியர் ஒப்பமிட்டார். அடுத்த சில நாட்களிலேயே, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

இங்கே அரசாணை எதுவும் நூலைத் தடை செய்யவில்லை. எழுதியவன் கையாலேயே பூட்டைப் போடவைத்ததுதான் கொடுமை. ஆணையை எதிர்த்து வழக்காடலாம். அச்சத்தை எதிர்த்து எங்கே முறையிடுவது?

முறையிட ஒருவர் முன்வந்தார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் 2016 சூலை 5-இல் தீர்ப்பளித்தனர். அந்த உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது. நூலைத் தடை செய்யக் கோரும் மனுக்கள் தள்ளுபடி. பிடிக்காத நூலைப் படிக்க எவர்க்கும் கட்டாயமில்லை. எழுத்தாளர் மீண்டெழுந்து எழுதட்டும். அவ்வாண்டே 'கோழையின் பாடல்கள்' வெளிவந்தது. அடங்கியிருந்த நாவலாசிரியர்க்கு முதலில் வாய் தந்தது கவிதை என்பதைக் கவிஞர்கள் மறத்தலாகாது.

இன்று பூட்டு கண்ணுக்குத் தெரியாமலும் விழுகிறது. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்திற்காக விகடன் இணையதளம் முழுவதுமே முடக்கப்பட்டது. மார்ச்சு 6-இல் உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்க ஆணையிட்டது. ஆயினும் அச்சித்திரத்தை அப்போதைக்கு அகற்ற வேண்டும் என்பது நிபந்தனை. கதவு திறந்தது, ஒரு சாளரம் மூடியே இருந்தது.

உரிமை தனிமனிதனுக்கு உரியது. அதைக் காப்பது தனிமனிதனால் மட்டும் ஆவதன்று. எழுதியவன் தளர்ந்தபோது அவனுக்காக மனு எழுத ஒரு கை வேண்டும். இலக்கிய வட்டங்கள் இருப்பதன் பயன்களுள் அதுவும் ஒன்று.