குற்ற வரலாறுகளை எதற்காகப் படிக்க வேண்டும்?



உண்மைக் குற்ற வரலாறுகளை இளைஞர்கள் விரும்பிப் படிக்கின்றனர். குழந்தைகள் வதைபட்ட வரலாறுகளும் அவற்றுள் உண்டு. அவற்றைப் படிக்கலாகாது என்று கூற நான் வரவில்லை. எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதையே கூற விழைகிறேன்.

விக்டோரியா கிளிம்பியே என்னும் சிறுமி மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். நல்ல கல்வி கிடைக்கும் என்று நம்பிய பெற்றோர், அவளை உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம் ஒப்படைத்தனர். 1999 ஏப்ரலில் லண்டன் வந்தாள். 2000 பிப்ரவரி 25 அன்று, 8 வயதில், மாண்டாள். உடலில் 128 காயங்கள் இருந்தன. அப்பெண்ணுக்கும் அவள் துணைவனுக்கும் 2001இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கல்விக்காக அனுப்பப்பட்ட அச்சிறுமி லண்டனில் ஒரு நாளேனும் பள்ளிக்குச் சென்றதில்லை.

பலர் இத்துடன் நூலை மூடிவிடுவர். நாம் மூடலாகாது. லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003இல் வெளிவந்தது. அந்தப் 10 மாதங்களில் 4 சமூக நலத் துறைகளும், 2 மருத்துவமனைகளும், காவல்துறையின் 2 குழந்தைப் பாதுகாப்புக் குழுக்களும் அவளை அறிந்திருந்தன. அவளைக் காப்பாற்றக் கிடைத்த வாய்ப்புகள் குறைந்தது 12 தவறவிடப்பட்டன. ஒரு மருத்துவமனையில் அவள் தழும்புகளைச் சொறிநோய் என்று முடிவு செய்தனர். தன்னை வைத்திருந்தோர் முன் அவள் விறைத்து நின்றதை, அச்சம் என்று கருதாமல், கறுப்பினக் குடும்பங்களுக்கே உரிய மரியாதை என்று நலப் பணியாளர் ஒருவர் எண்ணினார்.

இளைஞர்களே, இவ்விடத்தில்தான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். 'அவர்கள் வழக்கம் அப்படி' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. நம் பிள்ளை பள்ளிக்கு வராவிடில், 'அந்தத் தெருவில் அப்படித்தான்' என்று கடந்து செல்வோர் உண்டு. அதைக் கேட்டுச் சினக்கும் நாம், அடுத்த வீட்டுக் குழந்தை அலறும்போது 'அது அவர்கள் குடும்ப விவகாரம்' என்கிறோமே! இரண்டும் ஒன்றல்லவா?

விக்டோரியாவின் மரணத்திற்குப் பின் பிரிட்டனில் 2004இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. நம் நாட்டிலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அக்குற்றத்தை அறிந்தவர் எவராயினும் தெரிவித்தே தீர வேண்டும் என்கிறது. எவ்வகைக் கொடுமையாயினும் 1098 என்னும் எண்ணை அழைக்கலாம். அதற்குக் காசும் வேண்டா, பட்டமும் வேண்டா.

படித்துக் கண்ணீர் விடுவது எளிது. ஒவ்வொரு பக்கத்திலும் 'இங்கே யார் கேட்டிருக்க வேண்டும்?' என்று வினவிப் படியுங்கள். படித்து முடித்ததும், ஒரு வாரமாகப் பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பெரியவர்கள் சொல்லும் விடையோடு திரும்பிவிடாமல், அப்பிள்ளையையும் கண்டு பேசுங்கள்.